பிரயாணி எதற்குக் காசு கொடுக்கிறார்? – ஜே.ஆர்.டி. டாட்டாவின் விமான வாழ்க்கை

இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸ் 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் தேதியிட்டது. அதன் எண் 1. அதைப் பெற்றவருக்கு அப்போது வயது 24. பெயர் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா. பின்னாளில் ஜே.ஆர்.டி. என்று நாடு முழுவதும் அறிந்துகொண்ட அவர், இரும்பு, மோட்டார், ரசாயனம், ஓட்டல் என்று எத்தனையோ தொழில்களுக்குத் தலைவராக இருந்தவர். ஆனால் அவருடைய மனம் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருந்தது விமானத்தோடுதான்.

பம்பாயில் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு டாட்டா என்ற பெயர் புதிதல்ல. பரேலில் டாட்டா ஆஸ்பத்திரி இருக்கிறது. வீட்டு விளக்கு எரிவதில் டாட்டா மின்சாரத்துக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் ஜே.ஆர்.டி.யின் விமானத் தொழில் கதையில் மாதச் சம்பளக்காரர்களாகிய நாம் யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. டிக்கெட் வாங்குகிற பிரயாணி உண்மையில் எதற்காகக் காசு கொடுக்கிறார்? மலிவுக்கா, மரியாதைக்கா, நேரத்துக்கா? அவர் இந்தக் கேள்வியோடு அறுபது வருஷம் வாழ்ந்தார் என்றே சொல்லலாம்.

கடற்கரையில் பிறந்த ஆசை

ஜே.ஆர்.டி. 1904 ஜூலை 29-ஆம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆர்.டி. டாட்டா, டாட்டா ஸ்தாபனத்தை நிறுவிய ஜாம்ஷெட்ஜியின் நெருங்கிய உறவினர். தாயார் சூசான் பிரெஞ்சுப் பெண்மணி. குடும்பம் விடுமுறைக்குப் போகும் ஹார்டலோ என்ற கடற்கரை ஊரில்தான் லூயி பிளேரியோவும் வீடு கட்டியிருந்தார். 1909-இல் இங்கிலீஷ் கால்வாயை முதன்முதலில் விமானத்தில் தாண்டியவர் அந்த பிளேரியோ. அவருடைய விமானம் கடற்கரை மணலில் வந்து இறங்குவதைப் பார்த்து நின்ற சிறுவனுக்கு, தானும் பறக்க வேண்டும் என்ற ஆசை அங்கேயே பிடித்துக்கொண்டது.

லைசென்ஸ் வாங்கிய மறு வருஷமே ஒரு பந்தயம் வந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகா கான் அறிவித்தார். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து கிளம்பினார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற 17 வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்தார். எகிப்து நாட்டில் அபுகீர் என்ற இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். ஆஸ்பியின் விமானத்துக்கு ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றுபோயிருந்தது. போட்டியாளர் என்று பாராமல் ஜே.ஆர்.டி. தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி ஜெயித்தார். அந்த ஆஸ்பி எஞ்சினியர்தான் 1960-இல் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார்.

தபால் மூட்டையில் தொடங்கிய கம்பெனி

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து வரும் இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் தபாலைக் கராச்சியில் இறக்கும். தெற்கே வர வேண்டிய கடிதங்கள் அங்கிருந்து ரயிலேறி வந்து சேர நாட்கள் ஆகும். கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு விமானத் தபால் நடத்தலாம் என்ற யோசனையைக் கொண்டு வந்தவர், பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த நெவில் வின்சென்ட். டாட்டா கம்பெனியின் தலைவர் தோராப்ஜி டாட்டாவுக்கு ஆரம்பத்தில் இதில் உற்சாகம் இல்லை. பீட்டர்சன் என்ற மூத்த அதிகாரி எடுத்துச் சொல்லித்தான் 2 லட்சம் ரூபாய் முதலீட்டுக்குச் சம்மதம் கிடைத்தது. சர்க்காரிடம் மானியம் கிடையாது. ஏற்றிச் செல்லும் தபாலின் எடைக்குத்தான் கூலி.

1932 அக்டோபர் 15-ஆம் தேதி காலையில் கராச்சி டிரிக் ரோடு மைதானத்திலிருந்து ஒற்றை எஞ்சின் கொண்ட பஸ் மாத் விமானம் ஒன்று கிளம்பியது. ஓட்டியவர் ஜே.ஆர்.டி. சரக்கு 55 ராத்தல் தபால். ரேடியோ கிடையாது. அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. பிற்பகலில் ஜுஹு வந்தார். அங்கிருந்து வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆக, இந்தியாவின் முதல் உள்நாட்டு விமான சர்வீஸ் போய்ச் சேர்ந்த கடைசி ஊர் நம்முடைய சென்னைதான். 1938-இல் அதே தடம் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது.

ஜுஹுவில் அப்போது விமான நிலையம் என்று சொல்லத் தக்க ஒன்றும் இல்லை. ஓலை வேய்ந்த கொட்டகை, கடலோரச் சேற்று நிலம், அவ்வளவுதான். மழைக்காலத்தில் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் புனாவுக்கு மாற்றிக்கொள்வார்கள். இருந்தும் முதல் வருஷத்தில் கம்பெனி பறந்த தூரம் 1,60,000 மைல். சுமந்த தபால் சுமார் பத்து டன். பிரயாணிகள் 155 பேர். லாபம் 60,000 ரூபாய். குறித்த நேரத்தில் போய்ச் சேர்வதில் தவறவே இல்லை என்று சர்க்காரின் விமானத் துறை பாராட்டியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தபால் மூட்டைக்கு நாற்காலி வேண்டாம், காப்பி வேண்டாம், புன்சிரிப்பு வேண்டாம். அதற்கு வேண்டியதெல்லாம் சொன்ன நேரத்தில் பத்திரமாகப் போய்ச் சேருவது ஒன்றே. கூடுதலாக அணா கொடுத்து விமானத் தபாலில் கடிதம் போடுகிறவர், அது ரயில் தபாலோடு சேர்ந்து வந்தால் மறுமுறை அந்த அணாவைக் கொடுப்பாரா? ஜே.ஆர்.டி.யின் கம்பெனி முதலில் கற்ற பாடம் இது. மற்ற உபசாரங்கள் எல்லாம் பிறகு வந்தவை.

1,720 ரூபாய் டிக்கெட்

1938-இல் தமது 34-ஆம் வயதில் ஜே.ஆர்.டி. டாட்டா குழுமத்தின் தலைவரானார். 1942-இல் யுத்த காலத்தில் வின்சென்ட் விமானத்தோடு மறைந்தார். யுத்தம் முடிந்தபின் 1946-இல் கம்பெனிக்கு ஏர் இந்தியா என்ற பெயர் வந்தது. அதே வருஷம் பாபி கூகாவும் ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து, பெரிய மீசையும் தலைப்பாகையுமாகக் குனிந்து வரவேற்கும் மகாராஜா பொம்மையை உருவாக்கினார்கள்.

சுதந்திரம் வந்ததும் வெளிநாட்டு சர்வீஸுக்குத் திட்டம் போட்டார் ஜே.ஆர்.டி. சர்க்காருக்கு 49 சதவீதப் பங்கு, டாட்டாவுக்கு 25 சதவீதம், மீதி பொதுமக்களுக்கு என்று ஏற்பாடு. 1948 ஜூன் 8-ஆம் தேதி மலபார் பிரின்சஸ் என்ற விமானம் 35 பிரயாணிகளோடு பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டன் புறப்பட்டது. ஜே.ஆர்.டி.யும் அதில் இருந்தார்.

அந்த டிக்கெட்டின் விலை 1,720 ரூபாய். அந்தப் பணம் அப்போது என்ன பெறும்? அதற்கு முந்திய வருஷம் முதல் சம்பளக் கமிஷன் மத்திய சர்க்காரின் கடைநிலைச் சிப்பந்திக்கு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம், பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 55 ரூபாய். ஒரு பியூன் இரண்டரை வருஷம் சாப்பிடாமல் சேர்த்தால் ஒரு லண்டன் டிக்கெட். ஆகவே அந்த விமானத்தில் ஏறியவர்கள் மகாராஜாக்களும் பெரிய வியாபாரிகளும் உயர் அதிகாரிகளும்தான். விமானம் நம்மைப் போன்றவர்களுக்கு ஆகாயத்தில் அண்ணாந்து பார்க்கும் பொருளாகவே இருந்தது.

நஷ்டத்தில் விழுந்த போட்டி

உள்நாட்டில் வேறு கதை நடந்தது. யுத்தத்தில் மிஞ்சிய டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. ஆளுக்கு ஆள் விமானக் கம்பெனி தொடங்க, சர்க்காரும் தாராளமாக லைசென்ஸ் கொடுத்தது. நாட்டில் இருந்த பிரயாணிகள் இத்தனை கம்பெனிகளுக்குப் போதாது என்று ஜே.ஆர்.டி. எச்சரித்தார். 1949-இல் இரவு விமானத் தபால் தொடங்கியது. பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர் விமானங்களும் நள்ளிரவில் நாகபுரியில் கூடித் தபாலையும் ஆட்களையும் மாற்றிக்கொண்டு திரும்பும். யோசனை அழகானதுதான். ஆனால் கட்டுப்படியாகாது என்று ஜே.ஆர்.டி. எதிர்த்தார். மந்திரி ரஃபி அகமது கித்வாயுடன் பகிரங்கமாகவே தகராறு மூண்டது. 1950-இல் நீதிபதி ராஜாத்யக்ஷா கமிட்டி விசாரித்தது. லைசென்ஸ்கள் அளவுக்கு மீறிப் போயிருந்தது அதில் தெரிந்தது.

கம்பெனிகள் ஒவ்வொன்றாக நஷ்டத்தில் சரிந்தன. கடைசியில் சர்க்கார் 1953 ஆகஸ்ட் 1-ஆம் தேதி எல்லாவற்றையும் தேசவுடைமை ஆக்கியது. தம்மைக் கலந்துகொள்ளாமல் முடிவெடுத்தார்கள் என்பது ஜே.ஆர்.டி.க்கு ஆறாத மனக்குறை. நண்பரான நேருவிடமே அதைத் தெரிவித்தார். ஆனாலும் வெளிநாட்டு சர்வீஸை உள்நாட்டு சர்வீஸோடு கலக்காமல் தனிக் கார்ப்பரேஷனாக வைக்க வேண்டும் என்று வாதாடிப் பெற்றார். அதற்குத் தலைவராக இருக்கச் சர்க்கார் கேட்டபோது, சம்பளம் இல்லாமல் அந்தப் பொறுப்பை ஏற்றார். தன் கையிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட கம்பெனிக்கு அவர் 25 வருஷம் இலவசமாக உழைத்தார்.

விலை ஒன்று, போட்டி கவனிப்பில்

அந்த நாட்களில் வெளிநாட்டு விமானக் கட்டணத்தை எந்தக் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. 1945-இல் ஏற்பட்ட சர்வதேச விமானக் கம்பெனிகளின் சங்கம் கூடித் தீர்மானிக்கும், சர்க்கார்கள் ஒப்புக்கொள்ளும். ஒரே தடத்தில் எல்லோருக்கும் ஒரே விலை. அப்படியானால் பிரயாணி ஏன் ஏர் இந்தியாவைத் தேடி வர வேண்டும்? பெரிய நாடுகளின் கம்பெனிகளிடம் விமானங்கள் அதிகம், பணமும் அதிகம். நம்மிடம் இருக்கக்கூடியது நேரம் தவறாமையும் உபசாரமும்தான் என்று ஜே.ஆர்.டி. கணக்குப் போட்டார்.

இந்த ஒரே விலை ஏற்பாடு எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு 1958-இல் நடந்த சான்ட்விச் சண்டை உதாரணம். அட்லாண்டிக் தடத்தில் எகானமி வகுப்பு அறிமுகமானது. மலிவு டிக்கெட் என்பதால் அதில் சான்ட்விச் மட்டும்தான் கொடுக்கலாம் என்று விதி. ஸ்காண்டிநேவிய விமானக் கம்பெனி ரொட்டித் துண்டின் மேல் பெரிய விருந்தையே அடுக்கிக் கொடுத்தது. அமெரிக்கக் கம்பெனிகள் புகார் செய்தன. அபராதமும் விதிக்கப்பட்டது. விலையைக் குறைக்க முடியாதபோது போட்டி ரொட்டித் துண்டுக்குள் புகுந்துகொண்டது. அதே 1958-இல்தான் அந்தச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் டில்லியில் கூடியது. அவ்வருஷத் தலைவர் ஜே.ஆர்.டி.

தம் விமானத்தில் ஏறினால் அவர் தூங்குகிற பிரயாணி அல்ல. நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, நாற்காலி எவ்வளவு சாய்கிறது, திரைச்சீலை அழுக்காக இருக்கிறதா, தேநீரின் நிறம் காப்பியைப் போல இருக்கிறதே ஏன் என்றெல்லாம் எழுதிக்கொள்வார். இறங்கியதும் குறிப்பு அதிகாரிகளுக்குப் போகும். கவுண்டரில் தூசி இருந்தால் யாரையும் கூப்பிடாமல் தாமே துடைத்துவிட்டுப் போவார் என்று பழைய சிப்பந்திகள் சொல்வதுண்டு. ஏர் இந்தியா விமானம் வருவதைப் பார்த்து ஜெனிவாவில் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கதையில் மிகை இருக்கலாம். அப்படி ஒரு கதை பரவும் அளவுக்குப் பெயர் இருந்தது என்பது மட்டும் நிஜம்.

1960-இல் போயிங் 707 ஜெட் விமானங்கள் வந்தன. அவ்வருஷமே நியூயார்க் சர்வீஸும் தொடங்கியது. 1962-இல் ஏர் இந்தியா முழுவதும் ஜெட் விமானங்களே கொண்ட கம்பெனியானது. ஆடம்பரமும் கூடவே வளர்ந்தது. 1967-இல் ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வடார் டாலி பிரயாணிகளுக்குப் பரிசளிப்பதற்காக ஒரு சாம்பல் கிண்ணம் வடிவமைத்துக் கொடுத்தார். அதற்குக் கூலியாக அவர் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரு யானைக்குட்டி!

ஒரு வருஷத்தில் மாறிய இரண்டு

1978 ஜனவரி 1-ஆம் தேதி இரவு, எம்பரர் அசோகா என்ற ஜம்போ விமானம் பாந்த்ரா கடலுக்கு அப்பால் விழுந்து, அதில் இருந்த 213 பேரும் மாண்டனர். அடுத்த மாதம் மொரார்ஜி தேசாய் சர்க்கார் ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. விமானப்படை முன்னாள் தளபதி பி.சி. லால் நியமிக்கப்பட்டார். இதை எதிர்த்து ஏர் இந்தியாவின் நிர்வாக இயக்குநர் கே.ஜி. அப்புசாமி ராஜினாமா செய்தார். ஜே.ஆர்.டி. புண்பட்டார், ஆனால் தெருவில் இறங்கிச் சண்டை போடவில்லை. 1980-இல் இந்திரா காந்தி அவரை மீண்டும் இயக்குநர் குழுவில் சேர்த்தார். தலைவர் பதவி திரும்பவில்லை.

அதே 1978-இல்தான் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டைச் சட்டம் போட்டு நீக்கியது. அதற்கு முந்திய வருஷம் ஃபிரெடி லேக்கர் என்பவர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுனுக்கு டிக்கெட் விற்கத் தொடங்கியிருந்தார். முன்பதிவு கிடையாது, சாப்பாட்டுக்குத் தனிக் காசு. ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். பெரிய கம்பெனிகளும் விலையைக் குறைத்தன. கடன் சுமை தாங்காமல் 1982-இல் லேக்கர் கம்பெனி மூடப்பட்டது. ஆனால் ஒரு விஷயம் வெளிப்பட்டுவிட்டது. விலை வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால், பிரயாணிகளில் பெரும்பாலோர் உபசாரத்தை விட்டுவிட்டு மலிவை எடுத்துக்கொள்கிறார்கள்.

1982 அக்டோபர் 15-ஆம் தேதி, தம் 78-ஆம் வயதில், ஜே.ஆர்.டி. சிறிய லெப்பர்ட் மாத் விமானத்தைக் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியாக ஓட்டி வந்தார். ஐம்பது வருஷத்துக்கு முன் செய்ததை இளைஞர்களுக்கு நினைவூட்டுவதற்காக அப்படிச் செய்தார். 1990-இல் குவைத்தில் சிக்கிய நம் ஜனங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏர் இந்தியா அழைத்து வந்ததையும் அவர் உயிரோடு இருந்து பார்த்தார். 1992-இல் பாரத ரத்னா விருது. 1993 நவம்பர் 29-ஆம் தேதி ஜெனிவாவில் காலமானார். பாரிஸில் அடக்கம் செய்தார்கள்.

அவருக்குப் பிறகு

அவர் மறைந்த மறு வருஷம், 1994-இல், விமானக் கார்ப்பரேஷன் சட்டம் ரத்தானது. தனியார் கம்பெனிகளுக்கு வழி முழுவதும் திறந்தது. அதற்குப் பின் நடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். 2003-இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் மலிவு டிக்கெட்டைக் கொண்டுவந்தது. தண்ணீருக்கும் காசு என்று முணுமுணுத்தவர்களும் ஏறினார்கள். ஆனால் மலிவு மட்டும் அதைக் காப்பாற்றவில்லை. சில வருஷங்களில் கிங்ஃபிஷரோடு கலந்தது. ஆடம்பரத்துக்குப் பேர்போன கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. நல்ல சாப்பாடு போட்ட ஜெட் ஏர்வேஸ் 2019-இல் நின்றது. 2006-இல் வந்த இண்டிகோ இலவசச் சாப்பாடு கொடுக்கவில்லை. சாதாரண விலை, நேரத்துக்குப் புறப்பாடு என்ற இரண்டை முன்னால் வைத்து, உள்நாட்டுப் பிரயாணிகளில் பாதிக்கு மேல் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

ஏர் இந்தியா நஷ்டத்தில் மூழ்கி, 2022 ஜனவரி 27-ஆம் தேதி மீண்டும் டாட்டா கைக்கே வந்து சேர்ந்தது. 69 வருஷம் கழித்துத் திரும்பிய அதைப் பார்க்க ஜே.ஆர்.டி. இல்லை.

அவர் போட்ட கணக்கு தவறா? அப்படிச் சொல்லிவிட முடியாது. டிக்கெட் விலை எங்கும் ஒன்றாக இருந்த காலத்தில், கவனிப்பைத் தவிர விற்பதற்கு வேறு எதுவும் இல்லை. விலை அவிழ்ந்ததும் திரைச்சீலையும் சாம்பல் கிண்ணமும் விலை போகவில்லை. ஆனால் 1932-இல் தபால் மூட்டையோடு அவர் கற்ற பாடம் இன்றும் செல்லுபடியாகிறது. ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்காருகிறவன் என்ற முறையில் எனக்கு இது தினமும் தெரிகிறது. ஊருக்கு டிக்கெட் கேட்டு வருகிறவர்கள் ரயிலில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று முதலில் கேட்பதில்லை. படுக்க இடம் நிச்சயமா, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், எவ்வளவு ஆகும் என்ற மூன்றைத்தான் கேட்கிறார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்து கிளம்புகிறவருக்கு நேரம்தான் எல்லாம். தங்கை கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகிறவருக்கு விலைதான் எல்லாம். அதே ஆள்தான் இரண்டு பேரும்.

இன்று தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நம்மவர்கள் மூன்று மாதம் முன்னதாக டிக்கெட் போட்டு, சென்னைக்கும் மதுரைக்கும் விமானத்தில் போய் வருகிறார்கள். ரயில் ஏ.சி. வகுப்புக் கட்டணத்தை ஒட்டிக்கூட சில நாட்களில் இடம் கிடைக்கிறது. 1,720 ரூபாய் டிக்கெட்டை அண்ணாந்து பார்த்த குமாஸ்தாவின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இந்த வசதியை அவர்களுக்குக் கொண்டுவந்தது மலிவு விலை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மலிவு டிக்கெட் வாங்கியவரும் மனுஷர்தான். அவருக்கும் சுத்தமான இருக்கை வேண்டும், சொன்ன நேரம் வேண்டும், கேட்டால் பதில் வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவு ஆவதில்லை. கவுண்டர் தூசியைத் துடைக்க ஒரு துணி போதும். ஒரு பெரிய கம்பெனியின் தலைவரே அதைச் செய்தார் என்பதைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள், நானும் சேர்த்துத்தான், நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.